பள்ளி திறந்ததும் டீச்சருக்கு ஒரு சுங்குடிப் பை

ஜூனில் பள்ளி திறந்து பத்து நாள் போவதற்குள் ஆசிரியர் கையில் நோட்டுக் கட்டு ஏறிவிடும். வகுப்பில் 40 பிள்ளைகள், ஒரு நோட்டு 150 கிராம் என்று வைத்தாலே 6 கிலோ. அதை ஜவுளிக்கடையில் கொடுத்த கட்டைப்பையில் திணித்துக்கொண்டு மதுரையில் பெரியார் நிலையத்திலோ மாட்டுத்தாவணியிலோ பஸ்ஸுக்கு நிற்பார்கள். இரவில் வீட்டில் திருத்தி, காலையில் அதே பையில் திரும்பக் கொண்டுவருவார்கள். கட்டைப்பையின் அடித்தையல் சில வாரத்திலேயே விட்டுப்போகும், கைப்பிடி விரலை அறுக்கும்.

பிள்ளையை முதன்முதலாகப் பள்ளியில் சேர்த்திருக்கும் வீட்டிலும், புதிதாக மதுரைக்குக் குடிவந்திருக்கும் வீட்டிலும் "டீச்சருக்கு என்ன கொடுப்பது" என்ற கேள்வி வரும். ஷோகேஸ் பொம்மை, பேனா செட், பெயர் பொறித்த கேடயம் எல்லாம் பீரோவுக்குள் போய்விடுகிற பொருட்கள். தினமும் கையில் இருக்கப்போகிற ஒன்றைக் கொடுப்பதுதான் பள்ளி தொடங்கும் நேரத்துக்குப் பொருந்தும். செப்டம்பர் 5 ஆசிரியர் தினத்தன்று எல்லா வீட்டிலிருந்தும் ஏதாவது வரும். ஜூனில் வருவது வருடம் முழுக்க உழைக்கும். நோட்டுக் கட்டைத் தாங்கும் ஒரு துணிப் பையைத் தைத்து, அதற்குள் நாலைந்து சிறிய பொருள் வைத்துக் கொடுப்பது எப்படி என்று கீழே சொல்லியிருக்கிறோம். தையல் மெஷின் ஓட்டத் தெரிந்தவருக்கு ஒரு நாள் வேலை. தெரியாதவர் அளவுகளை எழுதித் தையல்காரரிடம் கொடுக்கலாம்.

முதலில் கேட்க வேண்டியவை

பள்ளியின் விதியைக் கேளுங்கள். அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு 1973ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் உண்டு. பரிசு வாங்குவதற்கு அதில் கட்டுப்பாடு இருக்கிறது. தனியார் பள்ளிகளில் சில, பரிசே கூடாது என்று டைரியில் அச்சிட்டிருப்பார்கள். பிள்ளையின் டைரியைப் புரட்டிப் பாருங்கள், இல்லையென்றால் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள். பணம் வைத்த கவர், தங்கம், வெள்ளி, பட்டுச் சேலை, பரிசுக் கூப்பன் ஆகியவற்றை எந்தப் பள்ளியிலும் யோசிக்கவே வேண்டாம். வாங்கினாலும் சங்கடம், திருப்பிக் கொடுத்தாலும் சங்கடம் என்ற நிலையில் ஆசிரியரை நிறுத்தக் கூடாது. வீட்டில் தைத்த பைக்கு அந்தத் தொல்லை பெரும்பாலும் வராது. வேண்டாம் என்று பள்ளி சொல்லிவிட்டால் அதோடு விட்டுவிடுங்கள். பின்னால் சொல்லியிருக்கும் கடிதம் மட்டும் போதும்.

அடுத்து, ஆசிரியர் பஸ்ஸில் வருகிறாரா, வண்டியில் வருகிறாரா என்று தெரிந்துகொள்ளுங்கள். பிள்ளையைக் கேட்டாலே சொல்லிவிடும். பஸ்ஸில் வருபவருக்குத் தோளில் மாட்ட நீளக் கைப்பிடி வேண்டும். ஸ்கூட்டி கொக்கியில் மாட்டுபவருக்கு அதே கைப்பிடி வைத்தால், பை தொங்கிக் கால் வைக்கும் இடத்தில் இடிக்கும். அவருக்குக் குட்டைக் கைப்பிடிதான் சரி.

முதல் நாளே கொடுக்க அவசரப்பட வேண்டாம். புத்தகம் கொடுப்பது, பெயர் பதிவது, அழுகிற பிள்ளையைச் சமாதானம் செய்வது என்று அன்று அவர்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. முதல் வாரத்தில் செக்‌ஷன் மாறும், வகுப்பாசிரியரே மாறுவதும் உண்டு. அரசுப் பள்ளி என்றால் இடமாறுதலும் இந்தச் சமயத்தை ஒட்டியே நடக்கும். டைம்டேபிள் நிலைத்தபின், இரண்டாவது வாரக் கடைசியில் கொடுங்கள்.

துணி

வெளிப்பக்கத்துக்கு மதுரைச் சுங்குடி, உள்பக்கத்துக்குக் காடாத் துணி, அதாவது வெளுக்காத கெட்டிப் பருத்தித் துணி. சுங்குடி நம் ஊர் சௌராஷ்டிரர் கைவேலை. பருத்தித் துணியைச் சின்னச் சின்னதாகக் கிள்ளி நூலால் முடிந்து சாயத்தில் முக்குவார்கள். முடிந்த இடத்தில் சாயம் ஏறாமல் புள்ளியாக நிற்கும். 2005இல் புவிசார் குறியீடு பெற்றது. கடையில் சுங்குடி என்று கேட்டால் எடுத்துப் போடுவதில் பெரும்பாலானது அச்சுச் சுங்குடி, மெழுகு அச்சுச் சுங்குடி. கைமுடிச்சை அடையாளம் காண்பது சுலபம்: புள்ளிகள் ஒன்றுபோல ஒன்று இருக்காது, முடிச்சுப் போட்ட இடம் லேசாகச் சுருங்கி மேடாக இருக்கும், விரலால் தடவினால் தெரியும். பைக்கு அச்சுத் துணியே போதும். கைமுடிச்சுச் சேலையை வெட்டிப் பை தைக்க மனசு வராது, வரவும் கூடாது. வீட்டில் பழைய கைமுடிச்சுச் சேலை கிழிந்து கிடந்தால் மட்டும் அதன் நல்ல பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள்.

பைக்குச் சுங்குடி பொருத்தமாவதற்கு இன்னொரு காரணம், புள்ளிக்கு மேல் கீழ் கிடையாது. இந்தப் பை ஒரே துண்டை அடியில் மடித்துத் தைப்பது. மயில், அன்னம், மாங்காய் போட்ட துணியை எடுத்தால் முன்பக்கம் மயில் நிமிர்ந்து நிற்கும், பின்பக்கம் தலைகீழாகத் தொங்கும். தைத்து முடித்த பிறகுதான் அது கண்ணில் படும். புள்ளி மட்டும் உள்ள துணியாகப் பாருங்கள்.

விளக்குத்தூண் பக்கத்து ஜவுளிக்கடைகளிலும் கோ-ஆப்டெக்ஸிலும் தேடலாம். 110 சென்டிமீட்டர் பன்னா (துணியின் அகலம்) உள்ள துணியில் ஒரு பைக்கு 1 மீட்டர் வாங்குங்கள். காடாவும் 1 மீட்டர். காடாவைக் கைவிட்டுவிடலாமே என்று தோன்றும். கடையில் சுங்குடி விறைப்பாக இருப்பது கஞ்சியால். ஒரு தண்ணீர் பட்டால் துவண்டுவிடும். 6 கிலோவைத் தாங்குவது காடாதான்.

நிறம் உங்கள் விருப்பம். ஆனால் சாக்பீஸ் தூள் கருநீலத்திலும் கறுப்பிலும் உடனே தெரியும். அரக்கு, மஞ்சள், இலைப்பச்சையில் அவ்வளவாகத் தெரியாது.

சாயம் போக அலசுவது

இதைத் தவிர்த்துவிட்டுத் தைப்பவர்கள்தான் அதிகம், கெடுவதும் இங்கேதான். மழையில் நனைந்த அரக்குச் சுங்குடிப் பை, ஆசிரியரின் வெளிர்நிறச் சேலையிலும் நாற்பது பிள்ளைகளின் நோட்டு அட்டையிலும் சாயத்தை இறக்கிவிடும்.

வாளியில் 8 லிட்டர் பச்சைத் தண்ணீர், துணி மட்டும், சோப்பு இல்லாமல் அரை மணி நேரம் ஊறட்டும். தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் அலசுங்கள். இப்படி மூன்று நான்கு முறை. ஒரு கைப்பிடி கல்லுப்பு போட்டால் சாயம் நிற்கும் என்று சொல்வார்கள். போடுவதால் கெடுதல் இல்லை, ஆனால் உப்பு சாயத்தைக் கட்டிப்போடுவதில்லை. துணியில் ஒட்டாமல் நிற்கும் சாயம் வெளியேறும்வரை அலசுவதுதான் பலன் தரும். கடைசியில் ஈரத் துணிமேல் ஒரு வெள்ளைக் கைக்குட்டையை வைத்து ஒரு நிமிடம் அழுத்திப் பாருங்கள். கைக்குட்டையில் நிறம் ஏறினால் இன்னும் இரண்டு முறை அலச வேண்டும். ஐந்தாறு அலசலுக்குப் பிறகும் ஏறினால் அந்தத் துணியைப் பைக்கு வைக்காமல் வேறு துணி எடுங்கள்.

காடாவைத் தனி வாளியில் வெந்நீரில் ஊறவையுங்கள், அது சுங்குடியைவிட அதிகம் சுருங்கும். இரண்டையும் அலசாமல் சேர்த்துத் தைத்தால் முதல் துவைப்பிலேயே காடா சுருங்க, வெளித்துணி உப்பி நிற்கும். நிழலில் காயவைத்து, லேசான ஈரத்தில் இஸ்திரி போடுங்கள். 1 மீட்டர் துணி சுருங்கிய பிறகு 95 சென்டிமீட்டர் அளவுக்கு நிற்கும். நமக்கு வேண்டியது 90தான்.

வெட்டும் அளவு

உடம்புத் துண்டு: அகலம் 43, நீளம் 90 சென்டிமீட்டர். சுங்குடியில் ஒன்று, காடாவில் ஒன்று. கைப்பிடி: 10 அகலம், 70 நீளத்தில் சுங்குடியில் இரண்டு. வண்டிக் கொக்கிக்கு என்றால் 45 நீளம். உள்பாக்கெட்: காடாவில் 20க்கு 18.

இந்த அளவுக்குக் கணக்கு உண்டு. நீள சைஸ் நோட்டு ஏறத்தாழ 27க்கு 17 சென்டிமீட்டர். பையின் அடி தைத்து முடிந்ததும் 30 நீளம், 10 அகலம் இருக்கும். நோட்டின் நீளப்பக்கம் அடியில் படிய நிறுத்தினால் ஒரு அடுக்கில் 20 நோட்டு. அதன்மேல் இன்னொரு அடுக்கு. இரண்டு அடுக்கும் சேர்ந்து 34 உயரம், பையின் உயரம் 36. வகுப்பே உள்ளே அடங்கிவிடும். அளவை "கொஞ்சம் பெரிசாக இருக்கட்டும்" என்று கூட்டினால் நோட்டு உள்ளே சரிந்து மூலை மடங்கும்.

தைப்பது

பாக்கெட்டின் மேல் ஓரத்தை இரண்டு மடிப்பு மடித்துத் தையுங்கள். மற்ற மூன்று ஓரத்தையும் 1 சென்டிமீட்டர் உள்ளே மடித்து, காடாத் துண்டின் மேல் விளிம்பிலிருந்து 10 சென்டிமீட்டர் கீழே வைத்துத் தைக்க வேண்டும். ஒரு ஓரத்திலிருந்து 3 சென்டிமீட்டர் விட்டு மேலிருந்து கீழாக ஒரு தையல் ஓட்டினால் பேனா வைக்கத் தனி இடம் கிடைக்கும். பாக்கெட்டை இப்போதே தைத்துவிடுங்கள். பக்கவாட்டுத் தையல் முடிந்தபின் மெஷினுக்குள் பையை நுழைத்துத் தைப்பது பெரும்பாடு.

பாக்கெட் வெளியே தெரியும்படி காடாவைச் சுங்குடியின் பின்பக்கத்தோடு சேர்த்து நான்கு ஓரமும் கையால் ஓடுதையல் போட்டு ஒன்றாக்குங்கள். இனி இரண்டும் ஒரே துணி.

பக்கவாட்டுக்கு இரட்டைத் தையல். சுங்குடியின் நல்ல பக்கம் வெளியே இருக்கும்படி துண்டைப் பாதியாக மடித்து, இரு பக்கமும் ஓரத்திலிருந்து அரை சென்டிமீட்டரில் ஒரு தையல். பிசிறை ஒட்ட வெட்டிவிட்டு, பையைப் புரட்டி, உள்பக்கம் வெளியே வந்த நிலையில் 1 சென்டிமீட்டரில் இன்னொரு தையல். பிசிறு முழுக்க இந்த இரண்டு தையலுக்கும் நடுவே அடைபட்டுவிடும். பிசிறை வெட்டாமல் விட்டால் வெளியே நூல் நூலாக எட்டிப்பார்க்கும்.

இப்போது அடிமூலை. பை புரட்டிய நிலையிலேயே இருக்கட்டும். ஒரு மூலையைப் பிடித்து, பக்கத் தையல் நடுக்கோடாக வரும்படி முக்கோணமாக விரியுங்கள். முனையிலிருந்து தையல் வழியே 5 சென்டிமீட்டர் அளந்து, அங்கே குறுக்கே கோடு போட்டால் கோடு சரியாக 10 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். இல்லையென்றால் மடிப்பு கோணலாக இருக்கிறது, திரும்ப விரியுங்கள். கோட்டின்மேல் இரண்டு முறை தையுங்கள். முக்கோணத்தை வெட்டி எறியாமல் அடிப்பக்கமாக மடித்து வைத்துத் தைத்துவிட்டால் அடிக்குக் கூடுதல் பலம். மற்ற மூலையும் இப்படியே.

கைப்பிடித் துண்டின் இரு ஓரத்தையும் நடுக்கோட்டுக்கு மடித்து, மீண்டும் பாதியாக மடித்தால் 2.5 சென்டிமீட்டர் பட்டை கிடைக்கும். நீளவாக்கில் நான்கு வரி தையுங்கள். இரண்டு வரியோடு நிறுத்தினால் பட்டை உருண்டு கயிறாகித் தோளை அறுக்கும்.

பையின் வாயை முதலில் 1, பிறகு 3 சென்டிமீட்டர் உள்ளே மடியுங்கள். கைப்பிடி முனைகளை 3 சென்டிமீட்டர் அந்த மடிப்புக்குள் நுழைத்து, ஒரே பக்கத்தின் இரு முனைகளுக்கும் நடுவே 14 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு, சுற்றிலும் தைத்து முடியுங்கள். பிறகு கைப்பிடியை மேல்நோக்கி நிமிர்த்தி, ஒவ்வொரு முனையிலும் ஒரு சதுரமும் அதற்குள் பெருக்கல் குறியும் போட்டுத் தைக்க வேண்டும். பத்து மடிப்புக்குமேல் சேர்கிற இடம் இது. 11ஆம் நம்பர் ஊசி இங்கே ஒடியும். 16ஆம் நம்பர் ஊசி போட்டு, மிதிக்காமல் சக்கரத்தைக் கையால் சுற்றித் தையுங்கள். குறுக்குத் தையல் போடாமல் விட்ட பைதான் முதல் மாதமே கைப்பிடி பிய்ந்து வரும்.

தையல்காரரிடம் கொடுப்பதாக இருந்தால் இந்தக் குறுக்குத் தையலையும் பிசிறு அடைக்கும் இரட்டைத் தையலையும் வாயால் சொல்லாமல் தாளில் வரைந்து காட்டுங்கள். புதுமண்டபத்தில் தலைமுறையாக இருந்த தையல்காரர்கள் இப்போது அருகிலுள்ள குன்னத்தூர் சத்திரத்தில் இருக்கிறார்கள். அலசிக் காயவைத்த துணியைத்தான் கொடுக்க வேண்டும்.

நான்கைந்து வீடுகள் சேர்ந்தால் ஐந்தரை மீட்டர் அச்சுச் சுங்குடிச் சேலை ஒன்றே எடுக்கலாம். நீளவாக்கில் 90 வீதம் ஐந்து, அகலத்தில் இரண்டு என்று பத்து உடம்புத் துண்டு வரும். ஓரத்தில் மிஞ்சும் பட்டையிலும் கடைசித் துண்டிலும் கைப்பிடிகள் தேறிவிடும். முந்தியில் டிசைன் வேறாக இருந்தால் அதைக் கைப்பிடிக்கு ஒதுக்குங்கள். பாட ஆசிரியர்கள் எல்லாருக்கும் போக, வகுப்பு ஆயாம்மாவுக்கும் சத்துணவு அக்காவுக்கும் ஒவ்வொன்று கொடுங்கள். அவர்களை யாரும் நினைப்பதில்லை. பங்குப் பணம் எல்லா வீட்டுக்கும் ஒரே தொகையாக இருக்கட்டும். கொடுக்க முடியாத வீட்டைக் கேட்கவே வேண்டாம். எந்த வீடு எவ்வளவு என்பது ஆசிரியர் காதுக்குப் போகவும் கூடாது.

உள்ளே வைப்பவை

சிவப்புப் பேனா ஐந்து, சாதாரண பால்பாயின்ட். ஜெல் பேனா அழகாக எழுதும், ஆனால் பிள்ளைகளின் நோட்டுத் தாள் மெல்லியது, மை அடுத்த பக்கத்தில் இறங்கிவிடும். மூடியுள்ள பேனாவாகப் பாருங்கள். அமுக்குப் பேனா பைக்குள் தானாகத் திறந்து காடாவில் கோடு போடும். வெள்ளைப் பருத்திக் கைக்குட்டை இரண்டு, ஒருமுறை துவைத்தவை. புதுக் கைக்குட்டை கஞ்சியோடு இருந்தால் வியர்வையை உறிஞ்சாது. தூசி பறக்காத சாக்பீஸ் ஒரு பெட்டி. கரும்பலகை இல்லாத வகுப்பு என்றால் இதை விட்டுவிடுங்கள்.

நாளெல்லாம் பேசுகிற தொண்டைக்குச் சுக்குமல்லிப் பொடி. மல்லி 100 கிராம், சுக்கு 50 கிராம், மிளகு 10 கிராம், ஏலக்காய் 5 கிராம். சுக்குக்குப் புறநஞ்சு என்பார்கள். மேல்தோலைக் கத்தியால் சுரண்டிவிட்டு உரலில் நசுக்குங்கள். முழுச் சுக்கை மிக்ஸியில் போட்டால் பிளேடு போய்விடும். மல்லியையும் மிளகையும் சிறு தீயில் வாசனை வரும்வரை வறுத்து, நன்றாக ஆறியபின் எல்லாவற்றையும் அரைத்துச் சலியுங்கள். சூட்டோடு பாட்டிலில் அடைத்தால் மூடியில் ஆவி கோத்து, பொடி கட்டியாகிப் பூசணம் பிடிக்கும். கருப்பட்டியை இதில் கலக்காதீர்கள், அது ஈரம் இழுக்கும். சர்க்கரை நோய் உள்ளவருக்கும் ஆகாது. பாட்டில்மேல் அரைத்த தேதி, சேர்த்த பொருட்கள், "ஒரு டம்ளர் தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன், கொதிக்கவைத்து வடிகட்டவும்" என்று எழுதி ஒட்டுங்கள். இரண்டு மாதத்துக்குள் தீர்வதுபோல 100 கிராம் வைத்தால் போதும்.

மல்லிகைப்பூவைச் சேர்க்க வேண்டும் என்று மதுரையில் யாருக்கும் தோன்றும். ஜூனில் பூவும் தாராளமாகக் கிடைக்கும். காலையில் வாங்கும் மொட்டு மாலையில்தான் மலரும், அதனால் பள்ளி முடிகிற வேளைக்கு வாசனை கூடும். ஆனால் பூ வைக்கும் வழக்கம் இல்லாத ஆசிரியைகளும் உண்டு. தலைக்கென்று நீட்டாமல், ஒரு முழத்தை ஈரம் தெளித்த வாழையிலையில் சுற்றி மேசைக்கு என்று கொடுத்தால் யாருக்கும் சங்கடமில்லை. பையோடு சேர்த்து வைக்காதீர்கள். ஈரம் நோட்டுக்குப் போகும்.

கடிதம்

பையைவிட இதற்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். அரைத்தாள் போதும். ஒரு பக்கம் பிள்ளை எழுத வேண்டும், எழுதத் தெரியாவிட்டால் வரையட்டும். "எங்களுக்கு அறிவொளி ஏற்றும் ஆசிரியருக்கு" என்று பெரியவர்கள் சொல்லிக்கொடுத்து எழுதவைத்தால் ஆசிரியருக்கு அது உடனே தெரிந்துவிடும். "நீங்க சொன்ன காக்கா கதையை வீட்ல தம்பிக்குச் சொன்னேன் மிஸ்" என்பதுபோல அந்தப் பத்து நாளில் நடந்த ஒன்றைப் பிள்ளையிடமே கேட்டு, அது சொல்கிறபடி எழுதவிடுங்கள். எழுத்துப் பிழையைத் திருத்த வேண்டாம்.

மறுபக்கம் பெற்றோர் எழுதுவது. பிள்ளையைப் பற்றி ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டியதை நாலைந்து வரியில் எழுதுங்கள். வீட்டில் கூப்பிடும் பெயர். இடக்கையால் எழுதுமா. பலகை சரியாகத் தெரிகிறதா. எந்தச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது. பாத்ரூம் போகக் கேட்பதற்குக் கூச்சப்படுமா. சாயங்காலம் கூட்டிப்போக வருவது தாத்தாவா, ஆட்டோ அண்ணனா. நாற்பது பிள்ளைகளில் ஒவ்வொன்றையும் பற்றி இதைத் தெரிந்துகொள்ள ஒரு பருவமே ஆகும். முதல் மாதத்திலேயே கையில் கிடைத்தால் அந்த ஆசிரியருக்கு அதைவிட உதவி வேறில்லை. கீழே உங்கள் போன் நம்பர். பள்ளியில் சேர்த்துக்கொள்ளச் சிபாரிசு, மார்க், முன்வரிசை இடம் என்று எதையும் இந்தத் தாளில் கேட்காதீர்கள். கேட்டால் பை லஞ்சமாகிவிடும்.

கொடுப்பது

சாயங்காலம் மணி அடித்து, மற்ற பிள்ளைகள் கிளம்பிய பிறகு கொடுங்கள். வகுப்பு நடுவில் கொடுத்தால் கொண்டுவராத பிள்ளைகள் முகம் வாடும். பளபளப்புத் தாள் சுற்ற வேண்டாம், பையே உறை. பிள்ளை இரண்டு கையாலும் கொடுக்கட்டும், நீங்கள் ஓரடி பின்னால் நில்லுங்கள். "டீச்சர், நோட்டு வச்சுக்கிறதுக்கு எங்க வீட்ல தச்ச பை" என்று பிள்ளை சொன்னால் போதும். சார் என்றால் சார். போட்டோ எடுத்து வாட்ஸப் குரூப்பில் போடாதீர்கள். போட்டால் மறுநாள் மற்ற வீடுகளும் வாங்கியாக வேண்டும் என்று ஆகிவிடும், ஆசிரியருக்கும் அது தலைமையாசிரியரிடம் பதில் சொல்ல வேண்டிய விஷயமாகலாம்.

பாட்டிலில் ஒட்டியதுபோலப் பைக்குள்ளும் ஒரு சீட்டு வையுங்கள்: தனியாகத் துவைக்கவும், பச்சைத் தண்ணீர், நிழலில் உலர்த்தவும். மீதித் துணியில் உள்ளங்கை அளவு ஒரு துண்டை வீட்டில் எடுத்து வையுங்கள். அரையாண்டு விடுமுறையில் பை எப்படி இருக்கிறது என்று கேட்டு, கைப்பிடி அடியில் தையல் விட்டிருந்தால் வாங்கிவந்து, அந்தத் துண்டை உள்பக்கம் ஒட்டுக் கொடுத்துத் திரும்பத் தைத்து, பள்ளி திறக்கும் அன்று பிள்ளையிடமே கொடுத்தனுப்புங்கள்.